மலை பார்க்காத மூலை

வீடு பார்க்கப் போன அன்று அந்த அக்கா என் சம்பளத்தைக் கேட்கவில்லை, ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்கவில்லை. "கறி சாப்புடுவியாம்மா?" என்று மட்டும் கேட்டார். வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு கேள்வி நன்றாகத் தெரியும். நான் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "சாப்புடுவேன். கெடைச்சா தினமும் சாப்புடுவேன்" என்றேன். இந்த வீடும் போச்சு என்று நினைத்துக்கொண்டு செருப்பைத் தேடினேன்.

"நல்லதாப் போச்சு. தனியாத் தின்னா எனக்கும் எறங்க மாட்டேங்குது. மேல வா, எடத்தைக் காட்டறேன்" என்று மாடிப்படி ஏறினார்.

கலெக்டர் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்து நான் செய்யாறிலிருந்து வந்த புதிது. வேங்கிக்காலில் புதிது புதிதாகத் தெருக்கள் முளைத்துக்கொண்டிருந்தன. அக்காவின் வீட்டில் கீழே அவர் மட்டும். மேலே பாதி எனக்கான அறை, மீதி மொட்டைமாடி. மாடியின் தென்மேற்கு மூலையில், வாஸ்து பார்த்துக் கட்டிய சிமெண்ட் டேங்க் ஒன்று ஆளுயரத்துக்கும் மேலே நின்றது. மலையும் அதே தென்மேற்கில்தான். அதனால் டேங்கை ஒட்டி இந்தப் பக்கமாக நின்றால், ஒரு பாய் விரிக்கிற இடத்துக்கு மட்டும் மலை மறைந்துவிடும். திருவண்ணாமலையில் அப்படி ஓர் இடம் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. டீ குடிக்க நின்றாலும் மலை வந்து நிற்கும், பஸ்ஸில் தூங்கி விழித்தாலும் ஜன்னலில் மலைதான் இருக்கும்.

"இதான் எடம். கறி, மீனு, முட்டை எல்லாம் இங்கதான். மத்த எடத்துல மலை பாக்குது" என்றார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, அவற்றின் மேல் ஒரு பெரிய பரோட்டாக்கல்லை ஏற்றி வைத்திருந்ததைக் காட்டினார். அவருடைய வீட்டுக்காரர் பரோட்டாக் கடை வைத்திருந்தவராம். அவர் இறந்த பிறகு கடையை விட்டாயிற்று, கல்லை விட மட்டும் மனசு வரவில்லை. நானும் அவரும் சேர்ந்து தூக்கினாலும் அசையாத கல். அதில் ஒரு ஓரத்தில் முட்டை உடைத்து ஊற்றி, இன்னொரு ஓரத்தில் மீன் வறுத்து, நடுவில் தோசை சுடலாம்.

எனக்குக் கொஞ்சம் மூக்கு நீளம். அடுத்தவர் விஷயம் என்றால் தூக்கம் வராது. இந்த அம்மா நிஜமாகவே மலைக்குக் கண் இருக்கிறது என்று நம்புகிறாரா, நம்பினால் அந்தக் கண்ணை ஒரு தண்ணீர் டேங்கால் ஏமாற்றிவிடலாம் என்றும் நம்புகிறாரா என்பது எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. குடிபோன முதல் மாதம் முழுக்க அவரை வேவு பார்த்தேன்.

கறி விஷயம் சின்ன விஷயம்தான் என்று போகப்போகத் தெரிந்தது. பொய்க்கும் அக்காவிடம் அதே மூலைதான். மலையைப் பார்த்து நிற்கும்போது அவர் வாயிலிருந்து ஒரு பொய் வராது. ஒரு புடவை எடுத்து வந்து டேங்க் பக்கம் நின்றிருந்தவரிடம் காட்டினேன். "சூப்பரா இருக்குதும்மா, உன் கலருக்குன்னே செஞ்ச மாதிரி" என்றார். கையைப் பிடித்து வெயிலுக்கு இழுத்து வந்து, "இப்போ சொல்லுங்க" என்றேன். மலையை ஒரு பார்வை, புடவையை ஒரு பார்வை. "பச்சை கொஞ்சம் ஜாஸ்தி. உனக்கு வயசு கூடத் தெரியுது" என்றார். அந்தப் புடவையை நான் இன்றுவரை கட்டவில்லை.

தெருவில் எல்லோருக்கும் இது தெரியும். அக்கா ஒரு சேதி சொன்னார் என்றால், "எங்க நின்னு சொன்னாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்துத் தெருப் பையன் ஒருவனைப் பற்றி விசாரிக்கப் போளூரிலிருந்து பெண் வீட்டார் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அக்கா அவர்களை டேங்க் நிழலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, டீ கொடுத்து, "தங்கமான புள்ள. நிமிந்து பாக்காது" என்று அளந்துவிட்டார். வந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கூட்டிவந்த எதிர்வீட்டம்மா மட்டும் விடவில்லை. "அக்கா, கொஞ்சம் இந்தாண்ட வந்து சொல்லுங்க" என்று நைசாகக் கூப்பிட்டார். அக்கா தயங்கித் தயங்கி வெளியே வந்தார். "புள்ள நல்ல புள்ளதான்" என்றார். மலையைப் பார்த்தார். "பொழுது சாஞ்சா குடிக்குது" என்றார்.

சம்பந்தம் நின்றுபோனது. பையனின் அம்மா அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். "ஏங்க்கா, முதல்லயே உண்மையைச் சொல்லியிருக்கலாம்ல?" என்று கேட்டேன். "நான் அந்தப் புள்ளையக் காப்பாத்தலாம்னுதான் அங்க போயி நின்னேன். இவதான் இழுத்தாந்துட்டா" என்று எதிர்வீட்டம்மா மேல் பழியைப் போட்டார். தன்மேல் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவே இல்லை.

கார்த்திகையில் மலை உச்சியில் தீபம் எரியும் நாட்களில் கதையே வேறு. "கண்ணைத் தொறந்து வச்சிருக்குது" என்பார். பரோட்டாக்கல்லைச் சாக்குப் போட்டு மூடிவிடுவார், டேங்க் பக்கமே போகமாட்டார். அந்த நாட்களில் கறியும் கிடையாது, பொய்யும் கிடையாது. தெருப் பெண்கள் வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த சந்தேகங்களை எல்லாம் அப்போதுதான் கொண்டுவந்து கேட்டுத் தெளிவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லில் சுக்கா வதங்கிக்கொண்டிருந்தபோது, கேட்டே விட்டேன். "அக்கா, மலைக்கு டேங்க் பின்னாடி நடக்கிறது தெரியாதுன்னு நெனைக்கிறீங்களா?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெரியாம போவுமா? எங்க மாமனாரு வர்றாருன்னா எங்க வூட்டுக்காரரு பீடியைக் கீழ போட்டு மிதிச்சிடுவாரு. மாமனாருக்கு மூக்கு இல்லையா? எல்லாம் தெரியும். என்னைக் கண்டதும் போட்டுட்டான் பாருன்னு அவருக்கு ஒரு சந்தோசம். அவ்ளோதான்." கரண்டியால் ஒரு துண்டை எடுத்து என் கையில் வைத்தார். "உப்பு பாரு."

கறிக்கு அது சரி. பொய்க்கும் அதே மரியாதை போதுமா என்பது எனக்குப் புரியவில்லை. அதைக் கேட்டதற்கு, "நீ சாப்புடு" என்றார்.

அக்காவுக்கு ஒரே மகள். வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். சென்னையில் ஒரு ஓட்டலில் வரவேற்பில் வேலை பார்த்தாள். அதே ஓட்டல் சமையல்காரப் பையன் ஒருவனைக் கட்டிக்கொள்வது என்று முடிவு செய்து, அதை அம்மாவிடமும் சொல்லிவிட்டாள். பையன் வேறு சாதி. அக்காவுக்கு ஓர் அண்ணன் இருந்தார், அடி அண்ணாமலையில் நிலம் வைத்து வேர்க்கடலை பயிரிடுகிறவர். புருஷன் போன பிறகு அக்காவைத் தூக்கி நிறுத்தியது அந்த அண்ணன்தான். இந்த வீட்டைக் கட்டும்போது தினமும் மொபெட்டில் வந்து கொத்தனாரோடு மல்லுக்கு நின்றவர். பொங்கல் சீர் ஒரு வருஷமும் தவறியதில்லை. அவர், "அந்தப் பையன் இந்த வூட்டுல கால வச்சா, நான் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். கோபக்காரர் இல்லை. சொன்னால் சொன்னதுதான் என்கிற ரகம்.

அந்த வாரம் அக்கா இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தார். நான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்ததால் இரண்டும் என் காதில் விழுந்தன. காது கொடுத்துக் கேட்டேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை அண்ணன் வந்தார். டேங்க் நிழலில் நின்று, "நீ சொல்றபடிதாண்ணா. வேணாம்னு சொல்லிடறேன்" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை போனில் பாப்பா. அதே நிழல். "நீ சொல்றபடிதாண்டி. மாமாவை நான் பாத்துக்கறேன்." இரண்டில் ஒன்றாவது பொய். எது என்று எனக்கும் தெரியவில்லை. அவருக்கே தெரியுமோ என்னவோ. அன்று இரவு அக்கா சாப்பிடவில்லை, கீழே விளக்கும் போடவில்லை. எனக்கு அவரை நினைத்துப் பாவமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாப்பா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஜிம் உடம்பும், காதில் ஒரு சின்னக் கடுக்கனும், வாய் நிறைய ஆன்ட்டியுமாக ஒரு பையன். அவனே சமைத்துப் போடுவதாக ஏற்பாடு. கையில் ஒரு பை. அதில் எலும்பில்லாத ஆட்டுத் தொடைக்கறி, பலகை பலகையாக.

"இது இன்னா தம்பி, நறுக்காமயே குடுத்துட்டானா?" என்றார் அக்கா.

"நான்தான் அப்படிக் கேட்டேன் ஆன்ட்டி. ஸ்டீக். எங்க ஓட்டல்ல மாட்டுக்கறியில செய்வோம். உங்க வீட்டுக்குன்னு ஆடு வாங்கினேன். உப்பு, மிளகு, அவ்வளவுதான். கூட காய்கறி வதக்கல்."

"மசாலா இல்லாமயா?"

"இல்லாமத்தான் ஆன்ட்டி."

"பேதி புடிச்சவங்களுக்குக் குடுக்கற மாதிரி" என்று என் காதில் சொன்னார். ஆனாலும் கண்ணில் ஆசை தெரிந்தது. புதுச் சாப்பாடு என்றால் அவருக்கு எப்போதுமே ஓர் ஆர்வம்.

கொஞ்ச நேரத்தில் வாசலில் மொபெட் சத்தம் கேட்டது. அண்ணன். அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்றவர் வந்துவிட்டார். விருந்துக்கு என்று யாரும் தப்பாக நினைத்துவிடக் கூடாது என்பதுபோல முகத்தை வைத்திருந்தார். பையன் வரும் சேதி யார் மூலமோ அவருக்குப் போயிருந்தது; தங்கச்சி தன் வாயால் அவனிடம் வேண்டாம் என்று சொல்வதைக் கேட்கத்தான் வந்திருந்தார். பையன், "வணக்கம் அங்கிள்" என்றான். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு உள்ளே போய் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தார்.

பையன் கல்லைச் சூடு பண்ணப் போகிறேன் என்று மேலே போனான். அக்காவும் பாப்பாவும் நானும் கீழே காய் நறுக்கினோம். கேரட், பீன்ஸ், குடைமிளகாய், கோஸ், வெங்காயத்தாள். எல்லாம் தீக்குச்சி கனத்தில் வேண்டும் என்று சொல்லியிருந்தான். கத்திச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பாப்பா ஒருமுறை, "அம்மா, மாமாகிட்ட பேசிட்டல்ல?" என்றாள். "பீன்சை முதல்ல முடி" என்றார் அக்கா.

தட்டுகளை எடுத்துக்கொண்டு மேலே போனோம். அண்ணனும் பின்னாலேயே ஏறி வந்தார். கடைசிப் படியில் பாப்பா நின்றுவிட்டாள்.

பரோட்டாக்கல் மாடியின் நடுவில் இருந்தது. ஹாலோ பிளாக்கை எல்லாம் பெயர்த்துக் கொண்டுவந்து, கல்லையும் தனியாளாக இழுத்துவந்து, மலைக்கு நேர் எதிரில் அடுப்பு மூட்டியிருந்தான். கல்லிலிருந்து அனல் பறந்தது. கடலெண்ணெயில் கறிப்பலகைகள் வரிசையாகப் படுத்துச் சடசடத்துக்கொண்டிருந்தன. சுற்றிலும் நாற்காலிகள், எல்லாம் மலையைப் பார்த்து.

"அந்த மூலையில காத்தே இல்ல ஆன்ட்டி, புகை அடைக்குது. இங்க வியூ செமயா இருக்கு. ஆசிரமம் பக்கம் கஃபேல எல்லாம் மலை தெரியற டேபிளுக்குத்தான் அடிச்சுக்கிறாங்க" என்றான். முகத்தில் அப்படியொரு பெருமை.

பாப்பா தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் பழகியவனிடம் இந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. எங்கள் எல்லோருக்கும் அது அவ்வளவு பழகிப்போயிருந்தது.

அண்ணன், "பாத்தியா" என்றார் தங்கச்சியிடம்.

அக்காவுக்கு முகம் வெளுத்துவிட்டது. கல்லைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. கறியை எடுக்கச் சொன்னால் விருந்தாளியை அவமானப்படுத்திய மாதிரி. ஒரு நிமிஷம் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் போர்வையை உருவினார். ஒரு முனையை என் கையில் திணித்து, "அந்தாண்ட போயி நில்லும்மா. நல்லாத் தூக்கிப் புடி" என்றார். இன்னொரு முனையை அவர் பிடித்துக்கொண்டார். மலைக்கும் கல்லுக்கும் நடுவில் ஊதாப்பூப் போட்ட என் போர்வை தொங்கியது. காற்று அதைப் பிடித்து இழுத்தது. எனக்குச் சிரிப்பு முட்டியது, அக்காவின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. காற்றுக்கு மறைப்புக் கட்டுகிறோம் என்று நினைத்திருப்பான். "தேங்க்ஸ் ஆன்ட்டி" என்றான். கறியைத் தொடவே தொடாமல் வைத்திருந்து, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்த பிறகு ஒரே ஒருமுறை திருப்பினான். வெண்ணெயும் தட்டிய பூண்டும் போட்டான். வெந்ததை எடுத்துத் தட்டில் மூடிவைத்துவிட்டு, கல்லின் மறுபக்கத்தில் கேரட்டும் பீன்சும் கொட்டினான். இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் போட்டான். அப்புறம் கோஸ், குடைமிளகாய். சோயா சாஸை ஊற்றியதும் மாடி முழுக்கப் புகையும் வாசனையும் எழுந்தன. "ஏன் தம்பி, கறியை எடுத்து மூடி வச்சிட்ட? ஆறிடாதா?" என்று போர்வையைப் பிடித்தபடியே அக்கா கேட்டார். அந்த நிலைமையிலும் கேட்டார்.

"கொஞ்ச நேரம் வச்சாத்தான் சாறு உள்ள நிக்கும் ஆன்ட்டி."

அப்போதுதான் பாப்பா பேசினாள். "அம்மா, மாமாவும் இருக்காரு. இங்க நின்னே சொல்லிடு. எனக்கு இவரைக் கட்டிக் குடுப்பியா, மாட்டியா?"

"சாப்புட்டுப் பேசலாம்டி."

"இல்லம்மா. சாப்புட்டா நீ அங்க போயிடுவ." டேங்க் பக்கம் கையைக் காட்டினாள்.

அண்ணனும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "பாப்பா கேக்கறது சரிதான். இங்கயே சொல்லும்மா. எனக்கும் அதான் வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் போர்வைக்குப் பின்னாடி நின்னுக்கினு சொல்றது செல்லாது" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? கை வலிக்க என் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா மலையை எவ்வளவு நம்புகிறார் என்று இத்தனை மாதம் தெரிந்துகொள்ளத் துடித்தேனே, அது இப்போது தெரிந்துவிடப் போகிறது. ஆனால் தெரியாமலே போனால் நல்லது என்று அந்த நேரத்தில் தோன்றியது.

அவர் தன் முனையை விட்டார். போர்வை என் பக்கமாகச் சுருண்டு விழுந்தது. மலை வெயிலில் அப்படியே நின்றது. அதன் முன்னால் கல், கறி, நாங்கள் எல்லோரும்.

"அண்ணா" என்றார் அக்கா. "உங்கிட்ட சொன்னதுதான் பொய்."

பையன் கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்தான்.

"எனக்கு பயமா இருக்குதுண்ணா. நீ வரலன்னா எனக்குன்னு யாரு இருக்கா? ஆனா பொய் அதான். பாப்பாகிட்ட சொன்னது பொய்யில்ல."

அண்ணன் தங்கச்சியைப் பார்த்தார். கோபம் வந்த மாதிரி தெரியவில்லை. நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். கீழே மொபெட்டை உதைக்கும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். மறுபடியும். ஒவ்வொரு உதைக்கும் அக்காவின் உடம்பு லேசாக ஆடியது. ஓடிப்போய்க் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் நின்ற இடத்திலேயே நின்றார். கடைசியில் வண்டி பிடித்துக்கொண்டது, சத்தம் தெரு முனை வரை போய் ஓய்ந்தது.

பாப்பா அழுதுகொண்டிருந்தாள். பையன் கறியைக் குறுக்காக மெல்லிய துண்டுகளாக அரிந்து, காய்கறியோடு கலந்து, தட்டில் வைத்து அக்காவிடம் நீட்டினான்.

நான் அக்காவின் தோளைத் தொட்டு, "டேங்க் பக்கம் வாங்கக்கா, அங்க உக்காந்து சாப்புடலாம்" என்றேன்.

"இன்னாத்துக்கு? எல்லாந்தான் பாத்தாச்சே" என்று அங்கேயே, மலையைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். உள்ளே ரோஸ் நிறத்தில் இருந்தது அது. மெதுவாக, வெகுநேரம் மென்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தபடி இருந்தது. அதைத் துடைக்காமலே மென்றார்.

"நல்லா இருக்குங்களா?" என்று பையன் கேட்டான்.

அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்கக் கூடாத கேள்வி. பாப்பா அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

அக்கா மென்றதை விழுங்கினார். முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காயி நல்லா இருக்குது" என்றார். "கறி வேகவே இல்ல, மாப்ள."